உப்புச் சேலை

ஜப்பான்காரன் வந்த பிறகு, மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அரிசி போனது. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். துணி போனது, கோணிச் சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். சவர்க்காரம் போனது, தேங்காயெண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் சேர்த்துக் காய்ச்சி, கொழகொழவென்று வந்த எதையோ சவர்க்காரம் என்று அழைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்கள். உப்புக்கு மட்டும் மாற்று ஒன்றை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை வேறு எதிலிருந்தும் காய்ச்சிச் செய்ய முடியாது. கடலில் இருப்பதை எடுத்து வந்தால்தான் உண்டு.

உப்பில்லாத கிழங்கைத் தின்னப் பழகிக்கொள்ளலாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பஞ்சாலையின் கவலை நாக்கைப் பற்றியது அல்ல. அவள் மகள் லெட்சுமியின் இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, முள் கீறிய இடம் புண்ணாகி, புண் குழியாகி, குழி எலும்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் இப்படிப்பட்ட புண் இல்லாத லயத்து வரிசைவீடு கிடையாது. மருந்தெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் முருகேசு காலி அலமாரிகளுக்குக் காவல் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே குரலில் சொல்லக்கூடிய மனிதர்.

"அழுகின சதை திரும்பி வராது, பிள்ளை," என்றார் அவர். "மிச்சத்தைக் காப்பாத்தலாம். கொதிச்ச உப்புத் தண்ணியிலை காலையும் பின்னேரமும் கழுவவேணும். உப்புக் கிடைக்காட்டி, சிரம்பானுக்குக் கொண்டுபோய்க் காலை எடுக்கிறதுதான் வழி."

லெட்சுமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். பஞ்சாலை அவளை முதுகில் சுமந்து லயத்துக்குத் திரும்பியபோது, காலை எடுத்துவிட்டு அதை எங்கே வைப்பார்கள் என்று கேட்டாள். பஞ்சாலை பிள்ளையைப் பக்கத்து வீட்டு வள்ளியம்மாவிடம் விட்டுவிட்டு, லுக்குட் பக்கம் கடலோரத் தோட்டத்தில் இருந்த தன் அக்கா ராக்கம்மாவைத் தேடி நடந்தாள்.

ராக்கம்மா வீட்டின் பின்புறம், மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஊரறிந்த ரகசியம். அங்கே உப்பு எடுப்பது பெரிய காரியமே அல்ல. ஆசிட் கிடைக்காததால் கடல் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றியே ரப்பர் பாலை உறைய வைப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். உப்பை அங்கிருந்து வெளியே கொண்டு போவதுதான் பெரிய காரியம். பையில் கொண்டு போனால் சோதனைச் சாவடியில் பிடுங்குவார்கள், பிறகு அடிப்பார்கள். அடிவாங்கிப் பிழைப்பதும் பிழைக்காததும் அவனவன் உடம்பைப் பொறுத்தது. பக்கத்து லயத்து ஆள் ஒருவன் உப்பைத் தண்ணீரில் கரைத்து, குடிக்கிற தண்ணீர் மாதிரி போத்தலில் கொண்டு வந்தான். சிப்பாய்க்கு அன்று பார்த்துத் தாகம் எடுத்தது. அந்த ஆளுக்கு இப்போது வாயின் ஒரு பக்கத்தால்தான் மெல்ல முடிகிறது.

ராக்கம்மா சொன்ன வழி வேறு. கெட்டியாகக் கரைத்த உப்புத் தண்ணீரில் சேலையை ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திக் கட்டிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் போகும், உப்பு நூலுக்குள் நிற்கும். வீட்டுக்குப் போய்ச் சேலையை அலசி, அந்தத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் போன உப்பு திரும்பி வந்துவிடும். அதற்காகவே ஒரு பழைய வெள்ளைச் சேலையும் எடுத்துக் கொடுத்தாள்.

பஞ்சாலை அதை வேண்டாம் என்றுவிட்டாள். அவள் கட்டிக்கொண்டு வந்திருந்தது பால் வெட்டப் போகும்போது கட்டும் சேலை. மடியிலும் தொடைப் பக்கத்திலும் வருடக்கணக்காகப் பால் சிந்திச் சிந்தி, மஞ்சளும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இறுகிப் போயிருந்தது. ஆயிரம் கறை இருக்கிற சேலையில் இன்னொரு கறையை எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்பது அவள் கணக்கு. பால் வெட்டுகிறவள் மட்டுமே போடக்கூடிய கணக்கு அது. பார்ப்பதற்குப் புத்திசாலித்தனமாகவும் இருந்தது.

கிளம்பும்போது ராக்கம்மா ஆசையாகக் கொஞ்சம் உப்பை அள்ளி, பிள்ளை வாயில் போடு என்று நீட்டினாள். பஞ்சாலை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கையில குடுக்காதக்கா. கீழ வையி. நமக்குள்ள சண்டை வந்துரும்."

உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை மூளும் என்பது பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தது. ராக்கம்மா சிரித்துக்கொண்டே வாழையிலையில் வைத்தாள். பஞ்சாலை அதிலிருந்து எடுத்து, தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். முடிந்து எடுத்துப் போக வழியில்லை. நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் லெட்சுமிக்குக் கொடுக்காமல் தின்றுவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

விடிவதற்கு முன்பே நடக்கத் தொடங்கினாள். வெயில் ஏறும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சேலை விறைப்பாக உரசியது, அவ்வளவுதான். லாபுச் சாலைக்கு வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

வெறும் துணியாக இருந்த இடத்தில் உப்பு நூலுக்குள் அடங்கிப்போய் இருந்தது. பால் படிந்து இறுகிய இடங்களில் அது உள்ளே போகவே இல்லை. ரப்பர் தண்ணீரைக் குடிக்குமா? குடிக்காது. பால் காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றாமல் போனதே. அந்தத் திட்டுகளின் மேல் உப்பு பொரிந்து, வெள்ளை வெளேரென்று செதிலாக நின்றது. ரப்பர் பால் காய்ந்தால் மஞ்சளாகும், பழுப்பாகும், கடைசியில் கறுக்கும். ஒருநாளும் வெள்ளையாக நிற்காது.

சாலையோரத்தில் ஓர் ஓடை ஓடியது. இறங்கி ஒரு முழுக்குப் போட்டால் போதும். உப்பு இருந்த சுவடே தெரியாமல் போய்விடும், சாவடியில் நிமிர்ந்து நடக்கலாம். பஞ்சாலை கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் தன் உயிரும், சேலைக்குள் பிள்ளையின் காலும் இருப்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தொங்கிய சில செதில்களை மட்டும் கையால் தட்டிவிட்டு, முந்தானையை இழுத்து மடியை மறைத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

தோட்டத்து முனையில் சாவடி. அங்கே அவள் பயந்தது ஜப்பான்காரனுக்கு மட்டும் அல்ல. தோட்டத்து ஆள் யார், வெளியாள் யார் என்று அடையாளம் காட்டுவதற்காக அவன் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த, கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் சன்னாசிக்குத்தான் அதிகம் பயந்தாள்.

சன்னாசியைப் பஞ்சாலை ஒரு காலத்தில் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது சன்னாசியின் தம்பி பெயர் அடிபட்டது. சன்னாசி ஜப்பான் துரையின் காதில் என்ன ஓதினானோ, தம்பி தப்பினான். அவனுக்குப் பதிலாகப் பஞ்சாலையின் புருஷன் ஆறுமுகத்தை, மரத்தடியில் இருந்தவனை, வெட்டுக்கத்தியும் கையுமாக லாரியில் ஏற்றினார்கள். போனவனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. மறுநாள் காலை, லயமே பார்த்துக்கொண்டிருக்க, பஞ்சாலை சன்னாசி வீட்டு வாசலில் காறித் துப்பினாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

அவள் சாவடிக்கு வந்த நேரம், பால் வெட்டியவர்கள் பாலை ரப்பராக்கும் ஸ்டோருக்குப் போகும் நேரம். பால் வாளிகளையும் சோதிக்க வேண்டும் என்று வரிசையாக இறக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். பஞ்சாலை முறைப்படி இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள். குனிந்தபோது முந்தானை விலகியது. ஜப்பான் சார்ஜன் தடியால் அவள் மடியைத் தொட்டு, இது என்ன என்று அரைகுறை மலாயில் கேட்டான்.

"கெத்தா, துவான்," என்றாள். ரப்பர் பால், ஐயா.

சார்ஜன் ஒரு செதிலை நகத்தால் கிள்ளி வெளிச்சத்தில் பார்த்தான். பட்டாளத்துக்காரன்தான், முட்டாள் இல்லை. அந்தத் துணியில் இருந்ததைத் தன் வாயில் வைக்க அருவருத்து, சன்னாசியைக் கூப்பிட்டு அவன் உதட்டில் வைத்தான்.

சன்னாசி நாக்கை நீட்டி வாங்கினான். பஞ்சாலை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதமாக உப்பைக் காணாத நாக்கு அது. அவன் உடனே விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. அவன் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. தெரிந்துவிட்டது, இனி பிழைக்க முடியாது என்று பஞ்சாலை நினைத்தாள். வாசலில் துப்பிய எச்சிலுக்கு இன்றைக்குப் பழி தீர்க்கப் போகிறான். லெட்சுமியை வள்ளியம்மா எத்தனை நாள் பார்த்துக்கொள்வாள் என்று அவள் மனம் அலைந்தது.

சன்னாசி அது பால்தான் என்றான். வெயிலில் நடந்து வந்தவளின் வேர்வை பட்டுக் கரிக்கிறது என்றான்.

சார்ஜன் அவனைப் பளாரென்று அறைந்தான். சொன்ன வார்த்தையைவிட அந்த மூடித் திறந்த கண் அதிகம் சொல்லியிருந்தது. பிறகு சாவடி ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தகரத்தைக் காட்டி, கொண்டுவந்து அந்த வெள்ளையின்மேல் ஊற்றச் சொன்னான். உப்பு என்றால் தண்ணீரில் மறைந்துவிடும், ரப்பர் என்றால் அப்படியே நிற்கும். அவ்வளவு எளிமையான சோதனை. பஞ்சாலைக்கு அதிலிருந்து தப்ப ஒரு வழியும் தெரியவில்லை.

சன்னாசி கன்னத்தைத் தடவிக்கொண்டே போனான். தண்ணீர்த் தகரத்தைத் தாண்டிப் போய், வரிசையில் இருந்த பால் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

சார்ஜனின் கை வாள் பிடிக்குப் போனது. சன்னாசி குனிந்து, மலாயில் கைகால் சாடையோடு விளக்கினான். தண்ணீரை நம்பக்கூடாது துவான், காய்ந்த பால்கூடத் தண்ணீர் பட்டால் உரிந்துகொண்டு போகும். ரப்பரை ரப்பர்தான் அறியும். புதுப்பாலை ஊற்றுவோம்; கீழே இருப்பது ரப்பர் என்றால் பிடித்துக்கொள்ளும், உப்பு என்றால் வழிந்து ஓடிவிடும்.

தலைகீழான பொய். உப்புப் பட்டால் பால் ஓடாது, திரிந்துபோகும் என்பது ஸ்டோரில் வேலை பார்த்த சன்னாசிக்குத் தெரியாதா என்ன? பஞ்சாலைக்கும் தெரியும். இதை அறியாதவன் அங்கே சார்ஜன் ஒருவன்தான். பால் வாளிகளோடு நின்ற தோட்டத்து ஜனம் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அசையாத, பஞ்சாலை," என்றான் சன்னாசி, தமிழில், உதடு அசையாமல். பாலைச் சாய்த்தான்.

குளிர்ந்த பால் மடியில் விழுந்து, வெள்ளைத் திட்டுகளின்மேல் பரவியது. கொஞ்சம் காலோடு வழிந்தது. சார்ஜன் அந்த வழிசலைப் பார்த்தான். பிறகு வழிசல் மெதுவானது. விளிம்பில் சிறு சிறு கட்டிகளாகத் திரிந்தது. திட்டுகளின்மேல் நின்ற பால் தயிராகத் தடித்து, வெயிலும் உடம்புச் சூடும் சேர, துணியைப் பிடித்துக்கொண்டது. சார்ஜன் அவளை வெயிலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து வந்து ஒரு கட்டியைக் கிள்ளி இழுத்தான். அது நீண்டது. விட்டான், சுருங்கியது. அவன் சிரித்துவிட்டான். சிரித்த கையோடு அவளுக்கும் ஓர் அறை கொடுத்து, போகச் சொன்னான்.

உயிரோடு வருகிறோம் என்ற சந்தோஷம் பஞ்சாலைக்கு லயம் வரைகூட நிற்கவில்லை. நடக்க நடக்க மடியில் ரப்பர் இறுகியது. உப்பு அதிகம் நின்ற இடமெல்லாம் இப்போது ரப்பருக்கு அடியில். பாவி, பிடித்தும் கொடுக்காமல், பிள்ளைக்கும் கிடைக்காமல் செய்துவிட்டானே என்று வாய்விட்டே திட்டினாள். காப்பாற்றினானா, பழிவாங்கினானா? இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிவிட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சாக்கைச் சுற்றிக்கொண்டு, சேலையை அவிழ்த்தாள். ரப்பர் படாத கொசுவத்தை அலசி, தண்ணீரை வடிகட்டிச் சுண்டக் காய்ச்சினாள். சட்டி அடியில் வெள்ளையாகப் படிந்தது. லெட்சுமி படுத்தபடியே எட்டிப் பார்த்து, தண்ணிக்குள்ள எங்கம்மா ஒளிஞ்சிருந்துச்சு என்றாள். பஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. கிடைத்தது சிரட்டையின் அடியைக்கூட மூடவில்லை. சில வேளைக்கு வரும். அந்தக் குழிக்குப் போதாது.

மடிப் பக்கத்தைக் கையில் எடுத்தாள். ஒருமுறை உறைந்த பாலை எந்தச் சாமி வந்தாலும் மறுபடி பாலாக்க முடியாது. ஆசிட் ஊற்றிய தொட்டியை ஆயுசு முழுக்கப் பார்த்தவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆத்திரத்தில் அந்த ரப்பர்த் துணியை இரண்டு கையாலும் பிடித்து, சன்னாசியின் கழுத்தை நினைத்துக்கொண்டு முறுக்கினாள். கலங்கிய தண்ணீர் கசிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது. அங்கே இருந்த ஒரு கீறலில் பட்டதும் சுரீரென்று எரிந்தது.

பஞ்சாலை முறுக்குவதை நிறுத்தினாள். மணிக்கட்டை நக்கிப் பார்த்தாள். கரித்தது, நன்றாகவே கரித்தது.

பால்தான் ரப்பராகியிருந்தது. உப்பு எதுவாகவும் ஆகவில்லை. ரப்பருக்குள் சிக்கிய தண்ணீரில் உப்பாகவே இருந்தது. அவள் துணியைக் கல்லில் போட்டு, கட்டையால் அடித்து, சட்டிக்குள் பிழிந்தாள். கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி அடித்துப் பிழிந்தாள். கை கொப்பளிக்கும் வரை விடவில்லை. பிழிந்ததை வடித்துக் காய்ச்சியபோது ரப்பர் நாற்றத்தோடு, பழுப்பு நிறத்தில், சிரட்டைக்கு மேல் உப்பு நின்றது. பஞ்சாலை சட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. ஸ்டோரில் உறைந்த ரப்பரை உருளையில் கொடுத்து நசுக்கும்போது தண்ணீர் வடிவதைத் தினமும் பார்த்தவன் சன்னாசி. உப்பு போய்விடாது என்று தெரிந்துதான் ஊற்றியிருப்பான். அப்படியானால் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். சயாமில் ஆறுமுகம் எந்தக் காட்டில் கிடக்கிறானோ, அவனை அனுப்பியவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவளுக்கு முன்பு இருந்த கோபத்தைவிட இது தாங்க முடியாததாக இருந்தது.

காலையும் மாலையும் லெட்சுமி வாயில் துணியைக் கடித்துக்கொள்ள, பஞ்சாலை புண்ணைக் கழுவினாள். நாற்றம் முதலில் போனது. பிறகு குழியின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச்சதை தலைகாட்டியது. டிரசர் முருகேசு வந்து பார்த்து, கால் தப்பிவிட்டது, தழும்பும் பள்ளமும் சாகும்வரை இருக்கும் என்று தன் ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை பஞ்சாலை சிரட்டையில் கொஞ்சம் உப்பை எடுத்துக்கொண்டு சன்னாசி வீட்டுக்குப் போனாள். காறித் துப்பிய நாளுக்குப் பிறகு அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. வெளியே உட்கார்ந்திருந்த சன்னாசி அவளையும் சிரட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். பிள்ளையின் கால் எப்படி என்று கேட்டான். நிற்கிறது என்றாள். அவன் எழுந்து போய் ஒரு வாழையிலைத் துண்டைக் கொண்டுவந்து, அவள் முன்னால் தரையில் விரித்தான்.

பஞ்சாலை இலையைப் பார்க்கவில்லை. உப்பைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள்.

"கைய நீட்டுங்க, மண்டோரே."

"கையில வாங்கினா சண்டை வருமே, பஞ்சாலை."

"இனிமேத்தான் வரணுமா?"

சன்னாசி கையை நீட்டினான். அவள் தன் கையிலிருந்து அவன் கைக்கு உப்பைச் சரித்தாள். உள்ளங்கையில் ஒட்டியதையும் தட்டிவிட்டாள்.

"என் உசுருக்கும் புள்ள காலுக்கும் இது. அவரு திரும்பி வந்தார்னா, அன்னைக்கி எலையில வச்சித் தர்றேன், அண்ணேன்னு கூப்பிட்டு."

சன்னாசி நீட்டிய கையை மூடவும் இல்லை, வாய்க்குக் கொண்டு போகவும் இல்லை. பஞ்சாலை காலிச் சிரட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். லெட்சுமியின் காலைக் கழுவும் நேரமாகிவிட்டது, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.